11 மணிக் கோளாறு

நான் ஓய்வு பெறுவதற்கு நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அலுவலகத்தில் 20 கம்ப்யூட்டர்கள். தினமும் காலை 11 மணி ஆனால் எல்லாம் ஆமை வேகம். ஒரு பக்கம் திறப்பதற்குள் காப்பி குடித்துவிட்டு வந்துவிடலாம். பழி, புதிதாகச் சேர்ந்த தினக்கூலிப் பெண்ணின் மேல் விழுந்தது. "அதுதான் சினிமாப் பாட்டு இறக்குது" என்றார்கள். விளக்கம் கேட்டு மெமோ தயாரிக்க எனக்கு உத்தரவு. தயாரித்தேன். அதிகாரி கையெழுத்துதான் பாக்கி.

அன்று நெட்வொர்க் பார்க்கும் பையன் வந்தான். ஸ்விட்ச் பெட்டியில் காலியாக இருந்த போர்ட்டில் தன் லேப்டாப்பைச் செருகினான்.

"இங்கிருந்தே எல்லார் போக்குவரத்தும் தெரியுமா, தம்பி?"

"சும்மா செருகினா தெரியாது சார். அந்தக் காலத்து ஹப், தண்டோரா மாதிரி. ஒருத்தருக்கு வந்ததை எல்லாருக்கும் அனுப்பும். ஸ்விட்ச் விவரமான பியூன். யார் எந்த போர்ட்டில் இருக்கார்னு கத்துக்கிட்டு, தபாலை அவர்கிட்ட மட்டும் கொடுக்கும். அதனால, வெளியே போற லைன்ல வர்றது போறது எல்லாத்துக்கும் ஒரு நகல் என் போர்ட்டுக்கும் போடுன்னு ஸ்விட்சுக்குச் சொல்லணும். போர்ட் மிரரிங்னு பேரு. சிஸ்கோ ஸ்விட்ச்ல ஸ்பான்னு சொல்லுவாங்க."

எனக்குச் சட்டென்று விளங்கியது. பிரெஞ்சு வழியில் படித்தவன் அல்லவா? புதுச்சேரியின் பழைய நிர்வாகத் தாள்களில் 'ஆம்ப்ளியாசியோன்' என்று ஒன்று உண்டு. மூலத்தில் உள்ளபடியே எழுதிச் சான்றிட்ட படி. இதுவும் அதுதான். மூலம் தடையில்லாமல் போகிறது, படி மட்டும் இவனிடம் வருகிறது.

திரையில் வரிகள் ஓடின. ஒரே ஒரு முகவரி, சம்பந்தமில்லாத ஊர் முகவரிகளுக்கெல்லாம் நொடிக்கு நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னப் பொட்டலங்களை அனுப்பிக்கொண்டிருந்தது. வைரஸ். எந்த போர்ட் என்று பார்த்து ஒயரைப் பிடித்துக்கொண்டே போனோம். அது அதிகாரியின் அறைக்குள் நுழைந்தது. அவர் வருவதே 11 மணிக்குத்தான்! அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டரில் இருந்து அலுவலக வேலை தவிர வேறொன்றும் போகவில்லை.

கிளம்பும் முன் பையன் மிரர் உத்தரவை நீக்கினான். "ஏன், இருந்துவிட்டுப் போகட்டுமே?" என்றேன்.

"கூடாது சார். மறந்து விட்டுட்டா, அந்த போர்ட்ல யார் செருகினாலும் அடுத்தவங்க தபாலைப் படிக்கலாம். பூட்டாம அனுப்பின பாஸ்வேர்டுகூட அப்படியே தெரியும். இன்னொண்ணு, வர்றதும் போறதும் சேர்ந்து ஒரு போர்ட்டுக்குள்ள கொள்ளலைன்னா சில நகல் விழுந்துடும். நகல்ல இல்லைங்கறதுக்காக நடக்கவே இல்லைன்னு சொல்லிட முடியாது."

ஆதாரமே பார்க்காமல் மெமோ தயாரித்த எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

இருக்கைக்குத் திரும்பி மெமோவைக் கிழித்தேன். கோப்பில் வைத்திருந்த அலுவலகப் படியையும் எடுத்துக் கிழித்தேன். என் சர்வீசில் நான் அழித்த நகல் அது ஒன்றுதான். அப்படி ஒரு மெமோ இருந்ததே அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை தெரியாது.