தஞ்சோங் மாலிமில் ஒரு படைத்தலைவர்

தஞ்சோங் மாலிம் என்றதும், 1922 ஆம் ஆண்டில் அங்கு எழுந்த சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியே ஆசிரியர் நெஞ்சில் முதலில் தோன்றும். பேராக்கின் தென்கோடியிலுள்ள அச்சிற்றூர் 1952 ஆம் ஆண்டில் பிரிட்டன் வரை பேசப்பட்டது கல்வியால் அன்று, அரிசியால்.

1948 சூன் 16 ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனையொட்டிப் பிறந்த அவசரகாலம் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. 1951 அக்டோபரில் உயர் ஆணையர் கர்னியும் கொல்லப்படவே, ஆட்சிப் பொறுப்பும் போர்ப் பொறுப்பும் ஒருவர் கையிலேயே ஒப்படைக்கப்பட்டன. அவர்தாம் படைத்தலைவர் ஜெரால்டு டெம்ப்ளர். 1952 பிப்ரவரியில் அவர் மலாயா வந்தார்.

மறுமாதம் 25 ஆம் நாள், தஞ்சோங் மாலிமின் குடிநீர்க் குழாயைச் செப்பனிடச் சென்ற குழுவினர் கம்யூனிஸ்டுகளால் பதுங்கித் தாக்கப்பட்டனர், பன்னிருவர் மாண்டனர். டெம்ப்ளர் நேரில் வந்து ஊர்ப் பெரியோரைக் கூட்டிக் கடிந்தார். நாளொன்றுக்கு 22 மணி நேரம் ஊரடங்கு. அரிசிப் பங்கீடும் குறைக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன. பின்னர் வீடுதோறும் வினாத்தாள் வந்தது. எழுதுவோர் தம் பெயரைக் குறிக்க வேண்டுவதில்லை. கம்யூனிஸ்டுகளைப் பற்றி அறிந்ததை எழுதிப் பூட்டிய பெட்டியில் இடவேண்டும். தன் பெயரை மறைத்து அண்டை வீட்டான் பெயரை எழுதும் அத்தகைய தேர்வை எந்த ஆசிரியர் வைத்திருப்பார்? பிரிட்டனிலேயே கண்டனம் எழுந்தது. கைதுகள் நிகழ்ந்தன, ஏறத்தாழ இரு வாரங்களில் ஊரடங்கு நீங்கியது.

கம்யூனிஸ்டுகளை எதிர்த்த படைத்தலைவர் யாவரும் வென்றாரல்லர். இரசிய உள்நாட்டுப் போரில் டெனிக்கின் 1919 அக்டோபரில் ஓரெல் நகர்வரை முன்னேறி மாஸ்கோவை அச்சுறுத்தினார். ஆயினும், நிலம் யாருக்கு என்ற குடியானவரின் வினாவுக்கு அவரிடம் தெளிவான விடை இல்லை. புறமுதுகில் கிளர்ச்சி வெடித்தது. 1920 ஏப்ரலில் அவர் நாடு துறந்தார். மக்கள் உள்ளத்தை வெல்லாமல் காட்டை வெல்லவியலாது என்பதை டெம்ப்ளர் உணர்ந்திருந்தார். குடியுரிமைச் சட்டம் தளர்ந்ததும் ஊர்மன்றத் தேர்தல்கள் வந்ததும் அவர் காலத்திலேதான். வெற்றிக்கு வித்திட்டவை இவையும், முன்னவர் பிரிக்சு வகுத்த மீள்குடியேற்றத் திட்டமுமே. தஞ்சோங் மாலிமின் பட்டினியன்று.

தோட்டத் தமிழரோ இருபுறத் துப்பாக்கிகளுக்கும் இடையே நின்றனர். லயங்கள் பல முள்வேலிக்குள் அடைபட்டன. காட்டுக்குச் சோறு போய்விடலாகாதென்று, பால் வெட்டச் செல்வோர் உணவு எடுத்துச் செல்லப் பல தோட்டங்களில் தடையிருந்தது. விடியலில் வாயிற்சோதனைக்கு உடல் காட்டிச் சென்றவர்கள், பால் நிறுத்துக் கொடுத்துத் திரும்பிய பின்னரே உண்டனர்.