மேஜிக் கற்றுக்கொள்ள எத்தனை நாள்?

மேஜிக் செய்பவர் என்றதும் கோட்டு சூட்டு போட்ட ஒருவர்தான் கண்முன் வருவார். அந்தத் தோற்றத்தைப் பிரபலமாக்கியவர் பிரான்ஸைச் சேர்ந்த ராபர்ட் ஹூடின் (1805-1871). புகழ்பெற்ற ஹூடினி தன் மேடைப் பெயரை இவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்.

ஹூடின் கடிகாரம் செய்பவர். தொழிலுக்கு உதவும் என்று புத்தகம் வாங்கப் போனாராம். கடைக்காரர் அவசரத்தில் வேறொன்றைக் கட்டிக் கொடுத்துவிட்டார். வீட்டில் பிரித்துப் பார்த்தால் மேஜிக் புத்தகம்! (இது அவரே எழுதியது. மேஜிக்காரர் பேச்சை எவ்வளவு நம்புவது என்பது உங்கள் இஷ்டம்.)

புத்தகத்தில் ரகசியங்கள் இருந்தன. அதைத் தெரிந்துகொள்ள ஒரு ராத்திரி போதும். கை படிய வேண்டுமே! தெருவில் நடக்கும்போதே கோட்டுப் பைகளுக்குள் சீட்டையும் நாணயத்தையும் உருட்டிப் பழகினார். நான்கு பந்துகளை மேலே போட்டுப் பிடித்துக்கொண்டே எதிரில் இருக்கும் புத்தகத்தைப் படிக்கவும் பழகினார். கை ஒரு வேலை, கண் ஒரு வேலை. எதிரில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. மேஜிக்கில் பாதி சுகம் அதில்தான் இருக்கிறது போல.

ஆனாலும் 1845 ஜூலை 3-ம் தேதி, பாரிஸில் சொந்த அரங்கில் முதல் காட்சி சொதப்பியது. கை அல்ல, வாய்! பயத்தில் கடகடவென்று ஒப்பித்துவிட்டார். மறுநாள் அரங்கையே மூடிவிடலாம் என்று முடிவு. பார்க்க வந்த நண்பர் ஆறுதல் சொல்லவில்லை, சரியான முடிவுதான் என்றார். வந்ததே ரோஷம்! நண்பர் கிளம்பியதும் அடுத்த காட்சிக்கு ஏற்பாடு செய்ய ஆரம்பித்துவிட்டார்.