உளி பிடித்த கை

அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. புக்கிட் ரோத்தானில் எங்கள் வீட்டுப் பூனைக்கு நகம் வெட்ட இன்னும் அவர்தான் வேண்டும். அது பசியாறிவிட்டு வாசல்படியில் கண் சொக்கிக் கிடக்கும் நேரம் பார்த்து, மடியில் துண்டை விரித்து உட்காருவார். விரலை மேலும் கீழுமாக மெல்ல அழுத்தினால் நகம் வெளியே நீளும்.

*

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நகத்தின் அடியில் இளஞ்சிவப்பு தெரியும். ரத்தமும் நரம்பும் அதுவரைதான். அதைத் தாண்டியிருக்கும் வெள்ளை முனையை மட்டும் வெட்டலாம். முதல் தடவை நான் சிவப்பில் பட வெட்டிவிட்டேன். சோளமாவை அழுத்தியதும் ரத்தம் நின்றுவிட்டது. பூனை மூன்று நாள் என் பக்கமே வரவில்லை.

*

அத்தை பெஸ்தாரி ஜெயா பக்கம், அது பத்தாங் பெர்ஜுந்தையாக இருந்தபோது, பால்மரம் வெட்டியவர். பால்குழாய்கள் நெருக்கமாக ஓடுவது மரத்தை ஒட்டிய உள்பட்டையில்தான். அதனால் உளி ஆழமாகப் போகவும் வேண்டும், மரத்தைத் தொடவும் கூடாது.

"மரத்துல பட்டுச்சுன்னா காயம் அய்யா. அப்புறம் வர்ற பட்டை முண்டும் முடிச்சுமாத்தான் வரும். அதுல எப்படி உளி ஓடும்?"

அந்த மயிரிழைக் கணக்கு இப்போது பூனையின் காலில் நடக்கிறது. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

*

கிள்ளானில் உறவுக்காரப் பையன் புது சோபா வாங்கியிருக்கிறான். நகத்தை ஒரேயடியாக எடுத்துவிட முடியுமா என்று கேட்டான். நகம் தனியாக வராது, அது எலும்பிலிருந்து முளைக்கிறது. ஆகவே ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் சேர்த்து வெட்டுவார்கள். முன்னங்கால்கள் இரண்டிலுமாக 10 எலும்பு. பூனையோ விரல் ஊன்றி நடக்கும் பிராணி. சிலவற்றுக்கு வலி ஆறாமலே நின்றுவிடும். மணல் தட்டில் கால் வைக்கக் கூசும். கீற முடியாததால் கடிக்கவும் தொடங்கலாம்.

பிரிட்டனில் இது குற்றம். அமெரிக்காவில் முதலில் தடை போட்ட மாநிலம் நியூயார்க், 2019இல். நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் வதைக்கு 1,00,000 ரிங்கிட் வரை அபராதம் வைத்திருக்கிறது. சோபாவுக்காக எலும்பை வெட்டுவதும் வதைதான் என்று அவனிடம் சொன்னேன். அத்தை கேட்டுக்கொண்டிருந்தார். "கால வெட்டிட்டு பூன எதுக்கு?" என்றார். அவன் ஒன்றும் பேசவில்லை.

*

பூனை பிறாண்டுவது அழிப்பதற்காக இல்லை. தேய்ந்த மேலோடு கழன்று விழுந்து, உள்ளே புது முனை வரும். தன் வாடையையும் அங்கே விட்டுப் போகும். பின்கட்டில் பட்டையோடு ஒரு ரப்பர் கட்டையை நட்டு வைத்திருக்கிறோம். அதன் அடியில் பிறைபிறையாக நக ஓடுகள் கிடக்கும். பிரம்பு நாற்காலியை அது தொடுவதே இல்லை. அப்படி ஒரு கட்டையை அவனுக்கும் அறுத்துக் கொடுத்தனுப்பினேன்.

*

இன்று முன்னங்கால் முடிந்தது. பின்னங்காலில் எட்டு; ஆறு வெட்டியதும் மழை பிடித்துக்கொண்டது, பூனை மடியிலிருந்து குதித்து ஓடிவிட்டது. மிச்சம் இரண்டு நாளைக்கு, பசியாறிய பிறகு.