எண்ணைப் பிறகு பார்க்கலாம்

ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருக்கும் ஒரு தளம் 403 காட்டினாலோ, படம் ஏற மறுத்தாலோ, பலரும் முதலில் தொடுவது அனுமதி எண்ணைத்தான். 644-ஐ 755 ஆக்குகிறார்கள். அதற்கும் மசியவில்லையென்றால் 777. தொடங்கும் இடமே தவறு என்பது என் கருத்து. இந்தக் கோப்பு யார் பெயரில் இருக்கிறது, அதைத் திறக்க வருவது யார் என்று தெரியாமல் எண்ணை மாற்றுவதில் பொருளில்லை. மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூவருக்கானவை. லினக்ஸ் அவற்றைக் கூட்டிப் பார்ப்பதில்லை. வருபவர் உரிமையாளர் என்றால் முதல் இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும். அதனால்தான் 077 என்று வைத்த கோப்பை ஊரார் எல்லோரும் படிக்கலாம், அதன் சொந்தக்காரரால் படிக்க முடியாது.

777 போட்டதும் வேலை செய்கிறதே என்று கேட்கலாம். சில சர்வர்களில் செய்யும். பிஎச்பி அங்கே அப்பாச்சியின் பொதுப் பயனர் பெயரில் ஓடுகிறது. உங்கள் கோப்புக்கு அது 'மற்றவர்'. அப்படியானால் 777 வேலை செய்தது ஒரு தடயம், அவ்வளவுதான். அதை அப்படியே விட்டுவைத்தால், அதே பொதுப் பெயரில் ஓடும் பக்கத்துக் கணக்கின் ஸ்கிரிப்ட்டும் உங்கள் ஃபோல்டரில் எழுதலாம். இன்று பெரும்பாலான ஹோஸ்டிங்கில் பிஎச்பி உங்கள் பயனர் பெயரிலேயே ஓடுகிறது. அங்கே 755-லேயே உங்களுக்கு எழுதும் உரிமை இருப்பதால் 777 புதிதாக எதையும் தராது. கடவுச்சொல் உள்ள கான்ஃபிக் கோப்புக்கு 600 போதும். ஸ்கிரிப்ட்டை உங்கள் பெயரில் ஓட்டும் சுஎக்ஸெக் இருக்கும் சர்வரிலோ, பிறர் எழுதக்கூடிய ஸ்கிரிப்ட்டை அது இயக்கவே மறுக்கும். 403 போய் 500 வந்து நிற்கும். தாராளமாக அனுமதி கொடுத்ததே தடையாகிவிடுகிறது. எரர் லாக்கில் இதற்கான குறிப்பு பெரும்பாலும் ஒரே வரியில் இருக்கும். அதைத் திறந்து பார்க்காமல் எண்ணை மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை.

எண்ணே குற்றவாளியாக இருக்கும் நேரமும் உண்டு, மறுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மொத்தமாக 644 கொடுத்துவிட்டால் ஃபோல்டர்கள் நுழைவு உரிமையை இழக்கும். ஃபோல்டரின் இலக்கத்தில் சேரும் 1 என்பது இயக்கும் உரிமையல்ல, உள்ளே கடந்துபோகும் உரிமை. கோப்பு சரியாகவே இருந்தாலும் வழியில் உள்ள ஒரு ஃபோல்டர் அடைத்திருந்தால் 403தான் வரும். அங்கேயும் யாரால் கடந்துபோக முடியவில்லை என்று பார்த்தால்தான் 755 வேண்டுமா, 750 போதுமா என்பது தெரியும்.

எந்த எண்ணாலும் தீராத சிக்கலும் உண்டு. பேக்கப்பிலிருந்து மீட்ட கோப்பு ரூட் பெயரில் வந்திருந்தால் அதன் அனுமதியை உங்களால் மாற்றவே முடியாது. அந்த உரிமை உரிமையாளருக்கும் ரூட்டுக்கும் மட்டுமே. ஆனால் அழிப்பது கோப்பின் அனுமதியைப் பொறுத்ததல்ல, அது இருக்கும் ஃபோல்டரைப் பொறுத்தது. ஃபோல்டர் உங்களுடையது, கோப்பைப் படிக்கவும் முடிகிறது என்றால், அதை நகலெடுங்கள், மூலத்தை அழியுங்கள், நகலுக்குப் பழைய பெயரை வையுங்கள். நகல் உங்கள் பெயரில் இருக்கும். ஃபோல்டரே ரூட் பெயரில் இருந்து, உள்ளே கோப்புகளும் இருந்தால் இந்த வழி செல்லாது. உரிமையை மாற்றித் தரும்படி ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். எழுதும்போது ஃபோல்டரின் முழுப் பாதையையும் இப்போதைய உரிமையாளர் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.