நெலோர் மந்தையில் இனப்பெருக்கக் காலம்

பிரேசிலின் இறைச்சி மாடுகளில் பெரும்பகுதி நெலோர் இனம் அல்லது அதன் கலப்பு. பழைய சென்னை மாகாணத்தின் ஓங்கோல், நெல்லூர் வட்டாரங்களிலிருந்து 19ஆம் நூற்றாண்டு முதல் கப்பலேறிய ஓங்கோல் மாடுகளே இதன் மூதாதைகள். வெள்ளை மயிரும் கருந்தோலும் திமிலும் கொண்ட இந்த மாடு வெயிலையும் உண்ணியையும் தாங்குவதால், மத்திய பிரேசிலின் புல்வெளிகளில் நிலைபெற்றது. மழை தொடங்கிப் புல் தழைக்கும் நவம்பர் வாக்கில் அங்குள்ள பண்ணைகளில் இனப்பெருக்க வேலை தொடங்கி, சுமார் மூன்று மாதம் நடக்கும்.

இறைச்சிக்காக வளர்க்கும் பசு ஆண்டுக்கு ஒரு கன்று ஈன்றால்தான் அதன் தீவனச் செலவு கட்டுப்படியாகும். நெலோர் பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 290 நாள். 365 நாளில் எஞ்சுவது 75. ஈன்ற கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க 40 நாள் வரை ஆகும். மிச்சமிருக்கும் ஒரு மாதச் சொச்சத்தில் பசு மீண்டும் சினைப்பிடிக்க வேண்டும். பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வருவதால், கிடைப்பது ஒன்று அல்லது இரண்டு வாய்ப்பு. அதுவும் எல்லாப் பசுவுக்கும் கிடைப்பதில்லை. கன்று மடியை முட்டிக் குடித்துக்கொண்டே இருக்கும்போதும், உடல் இளைத்திருக்கும்போதும் சினைப்பை வேலையைத் தொடங்காது. இடுப்பெலும்பு, விலா, வால்மூலம் ஆகியவற்றின் சதைப்பிடிப்பைப் பார்த்து மாட்டுக்கு உடல்நிலை மதிப்பெண் இடுவது இதனால்தான்.

பருவத்தைக் கண்டுபிடிப்பது அடுத்த சிக்கல். பருவத்திலுள்ள பசு மற்ற மாடுகள் தன்மேல் தாவும்போது நகராமல் நிற்கும். கண்ணாடிபோன்ற வழும்பு ஒழுகும். திமில் மாடுகளில் இந்த நிலை பெரும்பாலும் அரைநாளுக்குள் முடிந்துவிடும்; பல பசுக்களில் இரவில் வந்து போய்விடும். ஆயிரக்கணக்கான மாடுகள் மேயும் வெளியில் குதிரைமேல் சுற்றும் மேய்ப்பரால் எல்லாவற்றையும் கவனிக்க இயலாது. அதனால் பிரேசிலில் குறித்த நேரக் கருவூட்டல் பரவியது. முதல் நாள், புரோஜெஸ்டிரோன் சுரக்கும் சிறு சாதனத்தைப் பசுவின் பிறப்புறுப்பில் பொருத்தி, எஸ்ட்ரடயால் ஊசி போடுவார்கள். எட்டாம் நாள் சாதனத்தை எடுத்துவிட்டு, புரோஸ்டாகிளாண்டின் முதலிய ஊசிகளைப் போடுவார்கள். அதன்பின் சுமார் 48 மணி நேரத்தில் கூட்டம் முழுவதற்கும் ஒரே நாளில் கருவூட்டல் நடக்கும். பருவ அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த நாளின் வேலை பலர் கைகளில் பிரிந்திருக்கும். மேய்ப்பர்கள் அதட்டாமல், ஓடவிடாமல் பசுக்களை ஒற்றை வரிசைத் தடுப்புக்குள் ஏற்றுவார்கள்; மிரண்ட மாட்டில் சினைப்பிடிப்பு குறையும். ஒருவர் காதுத் தோட்டின் எண்ணைப் படிக்க, மற்றொருவர் காளையின் பெயருடன் பதிவேட்டில் எழுதுவார். உறைவிந்துக் குச்சிகள் மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் திரவ நைட்ரஜனில் இருக்கும். குச்சியை எடுத்து, 35 முதல் 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் இட்டு, துடைத்து, ஊசிக்குழலில் பொருத்துவார்கள். கருவூட்டுபவர் கையுறையிட்ட ஒரு கையை மலக்குடல் வழியே செலுத்திக் கருப்பைக் கழுத்தைப் பிடித்து, மறுகையால் குழலை அதன் வளையங்களைத் தாண்டி நகர்த்தி, கருப்பையின் வாயிலில் விந்தை மெல்ல விடுவார். திமில் மாடுகளின் கழுத்துப்பாதை வளைந்து நெளிந்திருப்பதால், கண்ணுக்குத் தெரியாத இந்தப் பாதையை விரல்கள்தான் அறிய வேண்டும்.

நன்றாக நடந்த வேலையிலும் சுமார் பாதிப் பசுக்களே முதல்முறை சினைப்பிடிக்கும். ஒரு மாதம் கழித்து அல்ட்ராசவுண்டில் இது தெரியும். மற்றவற்றுக்கு மறுமுறை கருவூட்டுவார்கள். அல்லது 25, 30 பசுவுக்கு ஒன்று என்ற கணக்கில் பொலிகாளைகளை இறக்கிவிடுவார்கள். காளைகளின் விதைப்பைச் சுற்றளவும் விந்தணு அசைவும் முன்கூட்டியே சோதிக்கப்படும். விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டு மாதம் ஆவதால், காய்ச்சல் கண்ட காளை தேறிய பிறகும் சில வாரம் மலட்டுத்தன்மை காட்டக்கூடும்.

எந்தக் காளையின் குச்சி என்பதை மரபியல் தீர்மானிக்கிறது. உடல் எடை போன்ற குணங்களில் மாட்டுக்கு மாடு உள்ள வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கன்றுக்கு இறங்கும் மரபு காரணம். சினைப்பிடிப்பில் அது பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழ். ஆகவே எடையைக் காளைத் தேர்வால் விரைவில் உயர்த்தலாம். சினைப்பிடிப்பை முதலில் தீவனமும் பராமரிப்பும்தான் உயர்த்தும். காளையின் மதிப்பை அதன் சந்ததியில் எதிர்பார்க்கும் வேறுபாடாகக் கணித்து அட்டவணையிடுகிறார்கள். பால்மறக்கும் எடைக்கு ஒரு காளைக்கு கூட்டல் 10 கிலோவும் இன்னொன்றுக்கு கூட்டல் 2 கிலோவும் இருந்தால், இரண்டின் கன்றுகளும் சராசரியாக 8 கிலோ வேறுபடும். விதைப்பைச் சுற்றளவும் நன்கு மரபில் இறங்குவது. அகன்ற சுற்றளவுள்ள காளையின் கிடேரிகள் சீக்கிரம் பருவமடையும் போக்குடையவை.

மரபில் மெல்ல இறங்கும் குணங்களுக்குக் கலப்பின வீரியம் குறுக்குவழி. நெலோர் பசுவுக்கு ஆங்கஸ் விந்து செலுத்திப் பிறக்கும் கன்று வேகமாக வளரும். கிடேரி முன்னதாகவே பருவமடையும். ஆங்கஸ் காளை அந்த வெயிலில் மேய்ந்து பசுக்களைச் சேர்வது கடினம் என்பதால், இக்கலப்பு உறைவிந்தை நம்பியே நடக்கிறது. தூய நெலோரில் வேறு அபாயம் உண்டு. 1960களின் தொடக்கத்தில் வந்த கர்வாதி போன்ற சில காளைகளின் வம்சமே பெரும்பாலான மந்தைகளில் ஓடுவதால், நெருங்கிய உறவுகள் சேராதபடி வம்சப் பதிவைப் பார்த்தே இணை சேர்க்கிறார்கள்.

இனப்பெருக்கக் காலத்தின் முடிவில் கடைசிச் சினைச் சோதனை நடக்கும். சினைப்பிடிக்காத பசு பொதுவாக விற்பனைக்குப் போகும். நல்ல தீவனமிருந்தும் வெறுமையாக நிற்பதைக் கழித்து, சுமார் 14 மாதத்திலேயே சினைப்பிடித்த கிடேரிகளை நிறுத்திக்கொள்ளும் பண்ணைகளில், மெல்ல நகரும் அந்தக் குணமும் தலைமுறைதோறும் சிறிது முன்னேறுகிறது.