பழைய கிராதியும் ஒரு சொல்லும்

'பயனற்றது' என்னும் சொல்லைப் போல் எளிதாக எழுதப்படும் சொல் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் சாமான்கள் பிரிவில் எழுத்தராகக் காலந்தள்ளும் எங்களுக்கு அச்சொல்லோடு நெடுநாள் பழக்கம் உண்டு. உடைந்த நாற்காலி, ஓடாத மின்விசிறி, துருவேறிய அலமாரி ஆகியவற்றைப் பதிவேட்டில் வரிசையாக எழுதி, எதிரே அந்த ஒரு சொல்லையும் எழுதிவிட்டால் எங்கள் கடமை முடிந்தது. எஞ்சிய மதிப்பு 2 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டால் விளம்பரம் செய்து ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும், அல்லது பொது ஏலம் விட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதி. 'இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்' என்பது ஏல அறிவிப்புகளில் வழக்கமாக வரும் வாசகம். அவ்வாசகத்தின் முழுப்பொருள் எங்களுக்கு விளங்கியது அலுவலகத்தில் அன்று. எங்கள் வீட்டு வாசற் சாக்கடையின் மேல்.

மாற்றலும் குவார்ட்டர்ஸுமாகப் பல ஆண்டுகளைக் கழித்தபின், மேற்குத் தில்லியில் சிறு வீடொன்றை 2018இல் வாங்கிக் குடியேறினோம். வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே இரண்டடி அகலச் சாக்கடை. அதன்மேல் கிடந்த கற்பலகை மறு ஆண்டு மழைக்காலத்தில் பிளந்துவிட்டது. மீண்டும் கல் பதித்தால், தூர் வாரும்போது பெயர்ப்பது பெரும்பாடு. இரும்புக் கிராதியானால் மழைநீர் இறங்கும். வேண்டும்போது தூக்கவும் செய்யலாம். புதியதன் விலையை விசாரித்தோம். மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிய மாதம் அது. ஆகவே மாயாபுரிக்குப் புறப்பட்டோம்.

மாயாபுரி பழைய மோட்டார் வண்டிகளைப் பிரித்துப்போடும் கடைகளால் பெயர் பெற்ற இடம். கிராதிக்கு அங்கே 'ஜாலி' என்று பெயர். நம் பிள்ளைகள் சொல்லும் ஜாலி அன்று. முதற் கடையில் விலை மிகவும் மலிவு. ஆனால் கிராதியின் ஓரங்களில் சிமெண்டுக் கலவை ஒட்டியிருந்தது. கடப்பாரை போட்டு நெம்பிய வளைவும் தெரிந்தது. தெருச் சாக்கடை மூடிகள் இரவோடிரவாகக் காணாமற் போவதைத் தில்லியில் கேள்விப்படாதவர் யார்? "எந்தத் தெருப் பிள்ளை விழுந்து வைக்கப் போகிறதோ" என்றார் எங்கள் இல்லத்தரசி. மலிவை விட்டுவர மனமின்றி நாங்கள் சற்று நேரம் அங்கேயே நின்றோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பிறகுதான் கால் நகர்ந்தது.

அடுத்த கடையில் இருந்தது ஒரு தொழிற்சாலையின் நடைமேடையிலிருந்து கழற்றிய கிராதி. வாங்கியதற்குச் சீட்டும் இருந்தது. நீளம் 2.5 மீட்டர், அகலம் 1 மீட்டர். 32 மில்லிமீட்டர் உயரமும் 5 மில்லிமீட்டர் கனமும் உள்ள பட்டைகள் 30 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நீளவாக்கில் நிற்க, குறுக்கே முறுக்குக் கம்பிகள். துத்தநாகப் பூச்சு பெரும்பாலும் கெடாமல் இருந்தது. எடை 112 கிலோ. பழைய இரும்புக்கு இரண்டு விலை உண்டு. உலைக்குப் போவதற்கு ஒன்று. அப்படியே பயன்படுவதற்கு, அதைவிடச் சற்றுக் கூடுதலாக, மற்றொன்று. இரண்டாவது விலையைத்தான் கொடுத்தோம். அதுவும் புதியதன் விலையில் பாதியளவே.

வண்டியில் ஏற்றும்போது அக்கடையின் முதிய தொழிலாளி எங்களை நிறுத்தினார். "பாபுஜி, பட்டை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கந்தான் சுமை தாங்கும். பட்டையின் இரு நுனியும் சாக்கடைச் சுவர்மேல் உட்கார வேண்டும். முறுக்குக் கம்பி பட்டைகளைச் சேர்த்துப் பிடிப்பதற்கு மட்டுமே. மூன்று துண்டாக அறுத்துத் திருப்பிப் போடுங்கள்" என்றார். அறுப்பதற்குக் கூலி, அறுத்த நுனிகளை இணைத்து ஓரப்பட்டை பற்றவைக்க மேலும் கூலி. கிராதியின் நீளமோ எங்கள் வாசலுக்கு அளவெடுத்தாற்போல் இருந்தது. கூலி மிச்சம் என்று முழுதாகவே சாக்கடையின் போக்கில் கிடத்திவிட்டோம். ஒரு பி.ஏ. பட்டதாரிக்கு இரும்புக் கடைத் தொழிலாளி பாடம் சொல்வதா என்ற எண்ணமும் உள்ளூர இருந்திருக்கக்கூடும்.

மோட்டார் சைக்கிள் நாள்தோறும் ஏறி இறங்கியது. சில மாதங்களில் நடுவில் தொய்வு கண்டது. முறுக்குக் கம்பிகளின் பற்றவைப்பு இரண்டோரிடங்களில் விட்டது. பார்த்தோம், அடுத்த மாதச் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தோம். ஒரு நாள் காலையில் எரிவாயு உருளையைத் தோளில் சுமந்து வந்தவர் அதன்மேல் கால் வைத்தார். பட்டைகள் விலகி, அவர் கணுக்கால் இடையில் சிக்கியது. உருளை உருண்டது தெருப்பக்கம். அதுவே தெய்வச் செயல். காலில் ஏழு தையல்கள். மருத்துவச் செலவையும், அவர் வேலைக்குப் போகாத நாள்களின் கூலியையும் கொடுத்தோம். "பழைய சாமான்தானே பாபுஜி, என்ன செய்வது" என்று அவரே எங்களைத் தேற்றினார். குற்றம் பழைய சாமானுடையதன்று என்பதைச் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.

அந்த வாரமே வெல்டிங்காரரை அழைத்து, முதியவர் சொன்னபடி செய்தோம். பட்டையின் நீளத்தில் 75 சென்டிமீட்டர் வீதம் மூன்று துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் அகலம். பட்டைகள் சாக்கடைக்குக் குறுக்கே நிற்குமாறு அவற்றை அடுத்தடுத்துப் போட்டதும் மூன்று மீட்டர் மூடிற்று. அண்டை வீட்டு வாசலுக்கும் அரை மீட்டர் கிடைத்தது. துத்தநாகப் பூச்சின்மேல் பற்றவைத்தால் எழும் புகை காய்ச்சலைத் தரும் என்று, வெல்டிங்காரர் இணைப்பிடங்களைச் சுரண்டிவிட்டுத் திறந்த வெளியில் வைத்தே வேலை செய்தார். பிறகு அவ்விடங்களுக்குச் சாயம் பூசினோம். அன்றுமுதல் இன்றுவரை அது அசையவில்லை. பொருள் அதே பொருள்தான், திசைதான் மாறியது.

25 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துண்டு மிஞ்சியது. ஏறக்குறைய 11 கிலோ. கபாடிக்காரர் உலை விலைக்குக் கேட்டார். எதிர்வீட்டுக்காரர் தம் மாடிப்படியருகே உள்ள குறுகிய நீர்வழிக்கு அதை விலைக்குக் கேட்டார். அவருக்கே கொடுத்தோம். கொடுக்குமுன் பட்டை ஓடும் திசையில் சிவப்புச் சாயத்தால் ஓர் அம்புக்குறி இட்டோம். "இது எதற்கு?" என்று அவர் சிரித்தார். காரணத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

மாயாபுரி என்றதும் நினைவுக்கு வருவது மற்றொன்றும் உண்டு. 1985ஆம் ஆண்டுக்குப் பின் பயன்படுத்தப்படாதிருந்த கதிரியக்கக் கருவி ஒன்று, 2010 பிப்ரவரியில் ஒரு பல்கலைக்கழகத்தின் பழைய சாமான்களோடு ஏலம் போயிற்று. உள்ளே கோபால்ட்-60 இருப்பதை அறியாமல் மாயாபுரியில் அதைப் பிரித்தார்கள். பலர் நோயுற்றனர், ஏப்ரலில் ஒருவர் உயிரிழந்தார். அந்நாளில் செய்தியைப் படித்து, யாரோ செய்த பிழை என்று தாளை மடித்து வைத்தோம். இன்று அவ்வாறு மடிக்க இயலவில்லை. எங்கள் மேசையிலும் அத்தகைய பதிவேடு விரிந்தே கிடக்கிறது.

பழைய பொருள் கைமாறும்போது எடை போடுகிறோம், விலை பேசுகிறோம், சீட்டு எழுதுகிறோம். அதன் இயல்பைச் சொல்லும் ஒரு சொல்லை மட்டும் விட்டுவிடுகிறோம். சொன்னாலும், எங்களைப் போலக் கேளாதவர்கள் உண்டு. இப்போது பதிவேட்டில் எந்தப் பொருளையும் எழுதுமுன் எழுந்து போய் அதை ஒரு முறை நேரில் பார்க்கிறோம்; இன்னது, இன்னது உள்ளே இருக்கிறது, இன்னதற்கு இன்னும் உதவும் என்று குறிப்புப் பத்தியில் எழுதுகிறோம். மேலதிகாரி ஒருமுறை, "இத்தனை விவரம் எதற்கு?" என்று கேட்டார். வாசற் கிராதியின் கதையை அவருக்கும் சொன்னோம்.