பழைய கட்டும் புதிய மென்பொருளும்

அக்டோபர் 5, 2025, ஞாயிறு

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு இந்த மாதம் 14-ஆம் தேதியோடு முடிகிறது. நம் வக்கீல் ஆபீஸ் கணினிகள் எல்லாமே ஆறாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 11 கேட்பதோ இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, கூடவே டி.பி.எம். 2.0. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியை எடைக்குப் போட மனம் வரவில்லை. பாதுகாப்புத் திருத்தங்களை இன்னும் ஓராண்டு நீட்டிக்க வழி உண்டு. அது வாய்தா வாங்குகிற கதைதான். வழக்கு அப்படியே நிற்கும்.

லினக்ஸ் மின்ட் போடுவதென்று முடிவு. இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஈ-கோர்ட்ஸ் திட்டத்தில் கீழமை நீதிமன்றங்களுக்கு உபுண்டு வந்து பல வருடம் ஆகிறது. நாம்தான் விண்டோசைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறோம்.

அக்டோபர் 7, செவ்வாய்

குமாஸ்தா அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: "சார், கீபோர்டு மாறுமா?"

அவர் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவர். டைப்ரைட்டர் வரிசை தவிர வேறெதுவும் விரலுக்கு வராது. தட்டச்சு முறைகளைத் தரும் ஐபஸ்ஸில் எம்17என் தொகுப்பைச் சேர்த்ததும் தமிழ்99, டைப்ரைட்டர் இரண்டுமே கிடைத்தன. "இந்தாங்கண்ணே" என்று நாற்காலியை விட்டு எழுந்தேன். ஒரு வக்காலத்தின் தலைப்பை அடித்துப் பார்த்துவிட்டு, "போதும் சார், மத்தத நீங்க பாத்துக்குங்க" என்றார். அவரளவில் விஷயம் முடிந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

வேர்டின் இடத்துக்குப் போட்டியில் இருப்பவை மூன்று. மின்ட்டோடு கூடவே வரும் லிப்ரேஆபீஸ். பார்வைக்கு வேர்டு மாதிரியே இருக்கும் ஒன்லிஆபீஸ். உலாவியில் ஓடும் கூகுள் டாக்ஸ்.

கூகுளை முதலிலேயே தள்ளிவிட்டேன். இணையம் படுத்தால் வேலையும் படுக்கும் என்பது ஒரு காரணம். கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதை வெளியே விடக்கூடாது என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவைப் படித்து வளர்ந்தவனுக்கு, அவருடைய கேஸ் கட்டை வேறு யாருடைய சர்வரிலோ வைக்கக் கை வரவில்லை என்பது இன்னொன்று. இந்த விஷயத்தில் நான் பழைய ஆள் என்று ஜூனியர் சொல்கிறாள். இருக்கட்டும்.

மற்ற இரண்டும் காசு கேட்காதவை. லிப்ரேஆபீஸ், ஓபன்ஆபீசை நடத்திவந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிய 2010-இல் ஓபன்ஆபீசிலிருந்து பிரிந்து வந்தது. அதன் சொந்த வடிவம் ஓ.டி.எஃப்.; 2006-இல் ஐ.எஸ்.ஓ. தரமானது. ஒன்லிஆபீசுக்கு டாக்எக்ஸ்தான் சொந்த வடிவம்.

அக்டோபர் 12, ஞாயிறு

புது மென்பொருளை வெற்றுப் பக்கத்தில் நாலு வரி அடித்துச் சோதிப்பது வீண். வெற்றுப் பக்கத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். ஆபீசிலேயே மோசமான பழைய கோப்பைத் திறக்க வேண்டும். நான் எடுத்தது ஒரு பாகப்பிரிவினைப் பிராது: பழைய டாக் வடிவம், பாதி பாமினி எழுத்துருவில், பாதி லதா எழுத்துருவில் அடித்தது, கடைசியில் நீளமான தபசில்.

பாமினிப் பகுதி இரண்டு மென்பொருளிலுமே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. மென்பொருளைக் குற்றம் சொல்ல முடியாது. பாமினியில் அடித்ததைக் கணினி என்றைக்குமே தமிழாகப் பார்த்ததில்லை. உள்ளே இருப்பது ஆங்கில விசைகள், மெய்யின் புள்ளிக்கு அரைப்புள்ளி. மேலே எழுத்துரு என்ற போர்வை இருந்தவரை தமிழாகத் தெரிந்தது. எழுத்துருக் கோப்பை மின்ட்டில் நிறுவியதும் தெளிந்தது. ஆனால் தேடுபெட்டியில் யூனிகோடில் கட்சிக்காரர் பெயரைப் போட்டால் அகப்படாது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. நம் பீரோவில் இருப்பவை இன்னும் அதற்கு முந்தைய காலத்தில் நிற்கின்றன.

லதா வேறு விதமாகப் படுத்தியது. அது விண்டோசைச் சேர்ந்தது. இங்கே அதன் இடத்தில் நோட்டோ வந்து உட்கார்ந்தது. எழுத்து அகலம் மாற, வரி மடங்க, பக்கம் கூடியது. கதை எழுதுபவருக்கு இது ஒன்றுமில்லை. நமக்கோ பக்கம் நகர்ந்தால் இண்டெக்ஸ் பொய்யாகும், பிராது திரும்பி வரும். ஆங்கிலப் பகுதியில் இந்தத் தொல்லை இல்லை: டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன், காலிப்ரிக்குக் கார்லிட்டோ என்று அதே அகலத்தில் மாற்று எழுத்துருக்கள் உண்டு. லதாவுக்கு அப்படி யாரும் செய்து வைக்கவில்லை என்பது என் மனக்குறை.

இன்னொன்று. லிப்ரேஆபீசின் ஸ்டைலில் மேற்கத்திய எழுத்துக்கு ஓர் அளவு, காம்ப்ளெக்ஸ் எழுத்துக்குத் தனியாக ஓர் அளவு. முதலாவதை 14 ஆக்கினால் ஆங்கிலம் மட்டும் பெருக்கும். தமிழ் பேசாமல் இருக்கும். தமிழில் வேலை செய்பவர் இந்த இரண்டாவது கட்டத்தை முதல் நாளே சரிசெய்துகொள்வது நல்லது.

அக்டோபர் 15, புதன்

புரோநோட்டு வட்டிக் கணக்கின் எக்செல் தாள் லிப்ரேஆபீசின் கால்க்கில் சரியாகத் திறந்தது. மேக்ரோ பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை. அதைத் தூக்கிவிட்டு வெறும் சூத்திரமாக எழுதிக்கொண்டேன். மதுரை சீனியர் திருத்தி அனுப்பிய டாக்எக்ஸில் அவர் அடித்ததும் சேர்த்ததும் நிறம் மாறாமல் தெரிந்தன.

அக்டோபர் 26, ஞாயிறு

லிப்ரேஆபீஸ்தான். டாக்எக்ஸைக் குலைக்காமல் காட்டுவதில் ஒன்லிஆபீஸ் ஒரு படி மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் பீரோ முழுக்கப் பழைய டாக் கோப்புகள். லிப்ரேஆபீஸ் அவற்றைத் திறந்து அதே வடிவில் சேமிக்கவும் செய்கிறது. ஈ-ஃபைலிங்குக்கான பி.டி.எஃப்./ஏ-வும் ஒரு டிக்கில் முடிகிறது. டேலியையும் வருமான வரியின் மேக்ரோ எக்செலையும் நம்பியிருக்கும் ஆடிட்டர் ஆபீசுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அவர்கள் ஒரு விண்டோஸ் பெட்டியையாவது வைத்துக்கொள்ள வேண்டும்.

மூலப்படி இனி ஓ.டி.எஃப்.-இன் ஆவண வடிவமான ஓ.டி.டி.யில்தான் இருக்கும். டாக்எக்ஸாகவே திறந்து திறந்து மூடினால் வடிவம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும்.

சக வக்கீல்களுக்கு ஒரு வேண்டுகோள். படிக்க மட்டும் என்றால் பி.டி.எஃப். அனுப்புங்கள். திருத்த வேண்டும் என்றால் யூனிகோடில் அடித்த டாக்எக்ஸ். பாமினியில் மட்டும் அனுப்பாதீர்கள்.